சிங்காரவேல் வீட்டுப் பெட்டிகள் மீதான கூட்டு ஆய்வு

இந்த வரலாற்றை இதை எழுதுபவன் ஆறு வருடமாக நம்பவில்லை. சொன்னவர் மேல் சந்தேகம் கிடையாது. சொன்னவர் சிங்காரவேலின் மனைவி செந்தாமரை, குறிஞ்சிப்பாடிக்காரர், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். சந்தேகம் எல்லாம் கதையில் வரும் ஆண்கள் மேல்தான். நான்கு பேர். நான்கு பேரும் பர்மனன்ட் உத்தியோகம் பார்த்தவர்கள்; வருகைப் பதிவேட்டைக்கூடப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட நான்கு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பார்களா? போட்டிருக்க மாட்டார்கள் என்று இவன் தனக்குத்தானே பலமுறை வாதாடிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வாதம் ஜெயித்தது. ஜெயித்த பிறகும் மனம் அடங்கவில்லை. அதனால், கேட்டதைக் கேட்டபடி எழுதிவிடுவது என்று முடிவாயிற்று.

சிங்காரவேல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு ஃபோர்மேன். கரியும் மண்ணும் சுமந்து மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கான ரோலர்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு ரோலரின் பேரிங் சாகத் தொடங்கினால் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று கிளம்பும். கவனிக்காமல் விட்டால் சூடாகும், பெல்ட் புகையும், ஓட்டம் நிற்கும், விசாரணை வரும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அந்தக் கீச்சைப் பிடிப்பதில் சிங்காரவேல் பெயர்பெற்றவர். பெல்ட் ஓரமாக நடந்து போவார், நிற்பார், விரலை நீட்டுவார். நீட்டிய இடத்து ரோலரைக் கழற்ற வேண்டியதுதான். 'ரோலர் காது' என்று மூன்று ஷிஃப்டிலும் அவருக்குப் பட்டம்.

முப்பது வயதில் அது காதாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் பட்டம் மட்டும் இருந்தது.

இது சிங்காரவேலுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஏழெட்டு வருடமாக அவர் பின்பற்றி வந்த முறை எளிமையானது. பக்கத்தில் தங்கராசு என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி நடந்து வருவான். கீச்சுச் சத்தம் வரும் இடத்தில் தங்கராசுவின் இடது புருவம் லேசாகத் துடிக்கும். சிங்காரவேல் பெல்ட்டைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு புருவத்தைப் பார்ப்பார். துடித்ததும் நிற்பார். "இதான்" என்பார். "எப்படிண்ணே கண்டுபுடிக்கிறீங்க!" என்று தங்கராசு ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவான். தானே ஒரு அளவுக் கருவி என்பது அவனுக்குத் தெரியாது.

காதடைப்பான் தரவில்லையா என்றால், தந்தார்கள். வருடத்துக்கு இரண்டு ஜோடி. அவை பிரிக்காத டப்பாவிலேயே பத்திரமாக இருந்தன. ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டார்கள். அடைத்துக்கொண்டால் ரோலர் கேட்காது என்பது சிங்காரவேலின் வாதம். அடைத்துக்கொள்ளாததால்தான் ரோலர் கேட்காமல் போயிற்று என்பதைப் பற்றி அவரிடம் வாதம் எதுவும் இல்லை.

இப்படியே ரிட்டையர்மென்ட் வரை போயிருக்கலாம். இடையில் வந்தது ஒரு சுற்றறிக்கை.

வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் காதுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். அனுப்பும்போது அவருடைய முழங்கை லேசாக அசையும். முழங்கை அசைந்தால் பொத்தானை அமுக்குவது கன்வேயர் பிரிவின் நீண்டகால நடைமுறை. அதன்படி பிரிவில் இருந்த அத்தனை பேர் காதும் ஏட்டில் 'நார்மல்' என்று பதிவாகியிருந்தது. சுற்றறிக்கை சொன்னது இரண்டே விஷயம்: புதிய இயந்திரம் வந்திருக்கிறது, இனி கண்ணாடிக்குத் திரை போடப்படும்.

சிங்காரவேலுக்குக் குறிக்கப்பட்ட நாள் நாற்பத்தைந்து நாள் தள்ளி, ஒரு செவ்வாய்க்கிழமை. தேறாவிட்டால் டூல் ரூம். ஜன்னல் வழியாக ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, எடுத்தவனிடம் கையெழுத்து வாங்கும் வேலை. நல்ல வேலைதான். மின்விசிறி உண்டு. ஆனால் 'ரோலர் காது' டூல் ரூமில் உட்கார்ந்தால் எட்டு கேன்டீனிலும் அதுதான் பேச்சாக இருக்கும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் தன் காதை ரகசியமாகச் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார். சோதிக்கச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கருவி வேண்டும். அந்த வாரமே அது கிடைத்தது. சுரங்க நகரியத்தின் அடுத்த வட்டத்தில், அதாவது அடுத்த பிளாக்கில், ஒரு அதிகாரி ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மகன் வீட்டுக்குப் போகிறார். அவரிடம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி. தேக்கு நிறம். ஐம்பது வருடம் முன்பு சீமையில் செய்தது. புத்தக அலமாரியில் வைக்கும் அளவு. ஒவ்வொன்றிலும் கீழே பெரிய வட்டம் ஒன்று, மேலே சின்ன வட்டம் ஒன்று. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர்.

"சிங்காரவேலு, இது சாதாரண டப்பா இல்லைய்யா," என்றார் அதிகாரி. "ரெக்கார்டிங் அறையில ஊசி விழுந்திருந்தா உன் வீட்டு ஹால்ல விழும்."

அந்த ஊசிக்காகத்தான் சிங்காரவேல் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு தான் குடியிருந்த பதினாறாம் வட்டத்துக்குக் கொண்டு வந்தார்.

அலமாரியில், அகராதிக்கும் மகள் விட்டுப்போன பழைய கைடுகளுக்கும் நடுவே வைத்து, ஒரு நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டார். நாகஸ்வரம் கம்பளி போர்த்திக்கொண்டு வாசித்தது. தவிலுக்குச் சளி பிடித்திருந்தது. கைத்தாளம் தட்டுகிறவர் அன்றைக்கு விடுப்பு. ஊசி விழவில்லை, கடப்பாரை விழுந்திருந்தாலும் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

சிங்காரவேலுக்கு வியர்த்தது. பழுது பெட்டியில் இருக்கலாம், அல்லது காதில் இருக்கலாம். இரண்டில் எது என்று தீர்மானிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருட உத்தியோகம் கற்றுக்கொடுத்திருந்தது: பழுது எப்போதும் அடுத்த பிரிவில்தான் இருக்கும்.

அப்போது ஊரில் இந்தப் பழைய பெட்டி மோகம் தலைக்கேறியிருந்த காலம். பழையது என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் எடைக்குப் போட்டுவிடுவார்கள். 'விண்டேஜ்' என்று சொன்னால் ஆண்கள் மெல்லிய துணியால் துடைப்பார்கள். அப்படித் துடைப்பவர்கள் கூடி 'நகரிய நல்லொலி மன்றம்' என்று ஒன்றைப் பதிவு செய்திருந்தார்கள். தலைவர் சண்முகசுந்தரம், பாதுகாப்புப் பிரிவில் ஓய்வு பெற்றவர். செயலாளர் அறிவுச்செல்வன், கோப்புகளோடு வாழ்பவர். தொழில்நுட்ப உறுப்பினர் பழனிவேல், எலக்ட்ரிக்கல். பெட்டி சரியில்லை என்று சிங்காரவேல் மனுக் கொடுத்த பத்தாம் நாள், ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் கூட்டு ஆய்வுக்கு வந்தார்கள்.

வந்ததும் யாரும் உட்காரவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆய்வுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாதுகாப்பு. அசம்பாவிதம் ஏதாவது நடந்தா வெளிய போற வழி எது?"

செந்தாமரை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வந்த வழிதாங்க. இல்லன்னா பின்னால கொல்லக் கதவு. தாப்பா கொஞ்சம் கெட்டியா இருக்கும், ஓங்கி இழுக்கணும்."

அறிவுச்செல்வன் எழுதிக்கொண்டார்.

பாட்டுப் போடப்பட்டது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தலைவர் இரண்டு முறை தலையாட்டினார். மூன்றாவது முறை நிறுத்தினார்.

"சரக்கு நல்லா இருக்கு. நிறுவின விதம் தப்பு," என்றார். "பெட்டிய அலமாரிக்குள்ள நெருக்கி வெச்சா செவுரு பாடும், பெட்டி பாடாது. செவுத்துலேர்ந்து மூணு அடி வெளிய எடுக்கணும். மேல் வட்டம் நேரா காது உயரத்துக்கு வரணும். கேக்குற ஆள், ரெண்டு பெட்டி, மூணும் முக்கோணம். பக்கம் மூணும் சமம்."

"மூணடி தள்ளுனா ஹால் நடுவுல வந்துடுமேங்க," என்றார் செந்தாமரை.

"ஹால் எதுக்கும்மா இருக்கு?" என்று தலைவர் உண்மையான குழப்பத்தோடு கேட்டார்.

மன்றத்தில் எந்த வேலைக்கும் பர்மிட் உண்டு. சுரங்கத்தில் பர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைத் தொட முடியாது. பர்மிட்டில் எழுதியதைத் தவிர வேறு எதையும் தொடவும் கூடாது. அந்த நல்ல பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பிரதி. 'பெட்டி நகர்த்தல், வயர் மறு இணைப்பு' என்று அறிவுச்செல்வன் நிரப்ப, தலைவர் அனுமதிக்க, பழனிவேல் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு இரண்டு வயரையும் பிரித்து மாட்டினார். பிறகு அதே பாட்டு.

"ம்ம்ம்," என்றார் பழனிவேல்.

"ம்," என்றார் அறிவுச்செல்வன்.

"மேல் ஸ்தாயி இருபது சதவீதம் தொறந்திருக்கு," என்றார் தலைவர். "சிங்காரவேலு, உங்களுக்கு?"

சிங்காரவேல் மூன்று முகங்களையும் பார்த்தார். மூன்றிலும் திருப்தி. "ஆமா சார். நல்லாவே தொறந்திருக்கு," என்றார். கம்பளி அப்படியேதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஸ்டாண்ட். வடலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் இரண்டு கால் செய்து வந்தது. குழாய் வெற்றாக இருந்தால் அதிரும். எதையாவது நிரப்ப வேண்டும். ஆற்று மணல் உத்தமம் என்று நிபுணர்கள் சொல்வதாகத் தலைவர் தெரிவித்தார். ஆற்று மணலுக்கு எங்கே போவது? வீடு கட்டுகிறவனுக்கே கிடைப்பதில்லை. பாட்டுக் கேட்க என்று மனுக் கொடுத்தால் மனுவோடு ஆளையும் பிடித்து வைப்பார்கள். எம்-சாண்ட் போட்டால் குரல் கரகரக்கும் என்று பழனிவேல் ஆட்சேபித்தார். கடைசியில் அரிசி என்று முடிவாகி, புழுங்கலா பச்சையா என்பதில் நாற்பது நிமிடம் போயிற்று.

"பச்சரிசி போட்டா சத்தம் பளிச்சுனு இருக்கும். புழுங்கல் போட்டா ஒரு கனம் வரும்."

"வாய்ப்பாட்டுக்குப் பச்ச, தவிலுக்குப் புழுங்கல்னு மாத்தி மாத்திப் போடலாமா?"

"ஒவ்வொரு பாட்டுக்கும் பர்மிட் போட முடியாதுய்யா."

பாதிப் பாதி என்று தீர்மானம். செந்தாமரையின் டிரம்மிலிருந்து பதினாறு படி அரிசி ஸ்பீக்கர் காலுக்குள் போயிற்று. ரசீது கொடுத்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு, முக்கோணம் கலையாமல் இருக்கத் தரையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டார்கள். சுரங்கத்தில் ஆபத்தான இடத்தைச் சுற்றிப் போடுவார்களே, அதே மஞ்சள். உட்காரும் நாற்காலியின் நான்கு காலுக்கும் நான்கு வட்டம். ஆய்வு நடக்கும்போது அனுமதியில்லாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு சமையலறை வாசலுக்குக் குறுக்கே போனது தற்செயல்.

"கொஞ்சம் வழி வுடுங்க," என்று செந்தாமரை கோட்டுக்கு அந்தாண்ட நின்றார்.

அறிவுச்செல்வன் பேனாவைத் திறந்தார். "நுழையற காரணம் சொல்லுங்கம்மா."

"அடுப்புல ரசம்."

"தலைவரே, ரசம் அவசரப் பணியில வருமா, வழக்கமான பராமரிப்பில வருமா?"

"பொங்கிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க. நீங்க பேசிக்கினே இருந்தீங்கன்னா பொங்கிடும்."

"அப்ப வழக்கமான பராமரிப்பு. பாட்டு முடியட்டும்மா."

ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. அதன்பின் அது அவசரப் பணியாக மறுவகைப்படுத்தப்பட்டது.

நான்காவது ஞாயிறு ஃபிரிட்ஜின் முறை. ஒரே லைனில் ஓடுவதால் அதன் மோட்டார் பாட்டில் கறை படியவைக்கிறதாம். ஃபிரிட்ஜ் நிறுத்தப்பட்டது. மாவு புளித்தது. மின்விசிறி காற்றைக் கலைத்து ஒலியின் திசையை மாற்றுகிறது என்று அதையும் நிறுத்தினார்கள். கத்திரி வெயில். நான்கு ஆண்கள் சன்னல் சாத்திய கூடத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி, கண்மூடி, நாகஸ்வரம் கேட்டார்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பிறகும் மேல் ஸ்தாயி திறந்துகொண்டே வந்தது. நான்காம் அறிக்கைப்படி மொத்தம் நூற்றுப் பத்து சதவீதம் திறந்திருந்தது. சிங்காரவேலும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அவருக்குள் மட்டும் கதவு ஒன்றும் திறக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிறது, தனக்கு மட்டும் கேட்கவில்லை. பழுது அடுத்த பிரிவில் இல்லை என்பது அவருக்குப் புரியத் தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள்.

அந்த வியாழக்கிழமை, சிங்காரவேல் ஷிஃப்டில் இருந்தபோது, செந்தாமரை கூடத்தைப் பெருக்கினார். பெட்டிகள் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டதால் அவற்றின் முதுகு முதல்முறையாக அவர் கண்ணில் பட்டது. வயர் மாட்டும் இடத்துக்கு மேலே, மிக்சியில் இருப்பது போல ஒரு குமிழ். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. பூஜ்யத்தில் இருந்தது. இன்னொரு பெட்டியிலும் அப்படியே. பாட்டைப் போட்டுவிட்டு, குமிழைத் திருகினார்.

"என்னா ஆச்சுன்னு எப்படிச் சொல்றது," என்றார் செந்தாமரை, இதை எழுதுபவனிடம். "மழை பேஞ்சு தொடச்ச மாதிரி. மேல இருந்த சின்ன வட்டம் ரெண்டும் அதுவரைக்கும் தூங்கிக்கினு இருந்துச்சுங்க. திருகுனதும் எழுந்துடுச்சு. தாளம் தட்டறவரு வந்து எதிர்ல குந்திக்கினு, தட்டறாரு. எனக்கு ஒரு மாதிரி சிலிர்த்துப் போச்சு. இவரு வரட்டும், சொல்லணும்னு காத்துக்கினு இருந்தேன்."

சிங்காரவேல் வந்தார். செருப்பைக் கழற்றினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வட்டத்துக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செந்தாமரை காபியை நீட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"ஏங்க, பாட்டு எப்படி இருக்குது?"

"அதே கம்பளிதான்," என்றார் சிங்காரவேல். களைத்துப் போயிருந்ததால் உண்மை வாய்தவறி வந்துவிட்டது.

செந்தாமரை காபியை அவர் கையில் கொடுத்தார். அடுப்பங்கரைக்குப் போய், அங்கே வேலை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஏற்புச் சோதனை. பெட்டிகள் முழுத் தகுதி பெற்றுவிட்டதாக அறிக்கை கையெழுத்தாக வேண்டும். நால்வரும் அமர்ந்தார்கள். செந்தாமரை துடைப்பதற்கு ஒரு துணியோடு கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"நுழையற காரணம்?"

"பெட்டி தொடைக்கணும். தூசு."

"தூசு ஒலிக்குப் பகை," என்று தலைவர் உடனே அனுமதித்தார்.

செந்தாமரை பெட்டிகளுக்குப் பின்னால் போனார். தன் வீட்டுக்காரருக்கு மட்டும்தானா, இல்லை ஊருக்கேவா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பாட்டு ஓட ஓட, இரண்டு குமிழையும் பூஜ்யத்துக்குத் திருகினார். தாளம் நின்றது. நான்கு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றுக்குத் திருகினார். தாளம் வந்தது. நான்கு பேரும் அதே வேகத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி பூஜ்யம்.

"ஆகா!" என்றார் தலைவர், கண்ணைத் திறந்து. "இப்பக் கேட்டீங்களா? இந்த இடம்! தெறிக்குது பாருங்க மேல!"

"தெறிக்குது," என்றார் பழனிவேல்.

"பதிவு பண்றேன்," என்றார் அறிவுச்செல்வன்.

அப்போதுதான் செந்தாமரை இன்னொன்றைக் கவனித்தார். தலைவர் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது சிங்காரவேலின் முகத்தை. பழனிவேல் பார்ப்பதும் அதைத்தான். ரோலர் காது தலையாட்டினால் அவர்களும் ஆட்டினார்கள். ரோலர் காதோ அவர்கள் முகத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செந்தாமரை துணியை உதறினார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? இந்தச் சின்ன வட்டம் ரெண்டும் இப்ப பேசல. நான் திருகி வெச்சிருக்கேன். கொஞ்ச முந்தி பேசிச்சு. அதுக்கு முந்தி பேசல. நீங்க யாரும் அசையவே இல்லியே."

பாட்டு ஓடியது. யாரும் அதைக் கேட்கவில்லை.

"எதைத் திருகுனீங்க?" என்றார் தலைவர்.

"பின்னால குமிழு இருக்குதே, இதை."

தலைவர் பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குமிழ நான் அன்னிக்கே பார்த்தேன் தலைவரே. பூஜ்யத்துல இருந்துச்சு. ஆனா பர்மிட்ல வயர் மட்டும்தான் எழுதியிருந்துச்சு. குமிழ் இல்ல."

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றார் தலைவர். அவர் குரலில் நிம்மதி. "எழுதாததைத் தொடக் கூடாது. அதுதான் ஒழுங்கு."

"ஒழுங்கெல்லாம் சரிங்க," என்றார் செந்தாமரை. "யாருக்காவது காதுல வுழுந்துச்சான்னுதான் கேக்கறேன்."

இந்தக் கேள்விக்கு மன்றம் தனியே கூடி ஆலோசித்தது. ஆலோசனை கொல்லைப் பக்கம் நடந்தது. தாழ்ப்பாளை ஓங்கி இழுக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரம் கழித்து வந்து, அறிவுச்செல்வன் வாசித்தார்:

"மேற்படி வீட்டில் ஐந்து நபர்கள் இருந்த நிலையில், நான்கு நபர்களுக்கு எவ்வித மாற்றமும் கேட்கவில்லை என்பதும், ஒரு நபருக்கு மட்டும் கேட்டதாகக் கூறப்படுவதும் மன்றத்தின் கவனத்துக்கு வந்தது. பெரும்பான்மைக் காதுகளின் அடிப்படையில், மேற்படி சத்தம் இல்லை என முடிவு செய்யப்படுகிறது. இல்லாத சத்தம் கேட்கும் மேற்படி நபரை உரிய மருத்துவரிடம் காட்டும்படி குடும்பத் தலைவருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது."

தலைவர் கையெழுத்துப் போட்டார். பழனிவேல் போட்டார். அறிவுச்செல்வன் போட்டார். தாள் சிங்காரவேலிடம் வந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவரும் போட்டார்.

இதை எழுதுபவன் நம்ப மறுத்தது முக்கியமாக இந்த நான்காவது கையெழுத்தைத்தான்.

அவர்கள் போனபின் கூடத்தில் மின்விசிறி மறுபடி சுற்றியது. செந்தாமரை கோபிக்கவில்லை. கீழே, மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"எத்தினி வருசமா?"

சிங்காரவேல் சொன்னார். தங்கராசுவின் புருவம், டெக்னீஷியனின் முழங்கை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று.

"அப்ப ஃபோர்மேன் வேலைய தங்கராசுக்குத்தானே குடுத்திருக்கணும்," என்றார் செந்தாமரை. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிங்காரவேலுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. செந்தாமரை அவர் முழங்காலில் கை வைத்தார். "செவ்வாக்கெழம கேக்கறதுக்கு மட்டும் அமுக்குங்க. கேக்காததுக்கு அமுக்காதீங்க. அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை திரை போடப்பட்டிருந்தது. சிங்காரவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் அமுக்கினார். முதலில் கனமான சத்தங்கள், ஒவ்வொன்றாக, பழைய நண்பர்கள் போல வந்தன. பிறகு வரத்து குறைந்தது. பிறகு வெறும் இடம். அந்த வெற்றிடத்தில் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம்தான் தன் முப்பது வருட சர்வீஸில் கஷ்டமான வேலை என்று அவர் பின்னால் மனைவியிடம் சொன்னாராம். டெக்னீஷியன் தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் சமமாக வந்து, சுரங்கத்தின் விளிம்பு போலச் செங்குத்தாக உள்ளே இறங்கியிருந்தது.

டூல் ரூம் கிடைத்தது. கேன்டீன்களில் பேச்சு எழுந்தது. ஒரு வாரத்தில் வேறு பேச்சு வந்தது. தங்கராசு இன்னும் கான்ட்ராக்ட்தான். புருவத்துக்குத் தனிப் பணியிடம் கிடையாதாம். நல்லொலி மன்றம் மட்டும் நடந்ததை முறைப்படி ஆராய்ந்தது. உறுப்பினர்களில் காது பற்றி மருத்துவ ஆவணம், அதுவும் திரை போட்டு எடுத்த ஆவணம், கைவசம் உள்ள ஒரே நபர் சிங்காரவேல் என்று கண்டு, அவரை 'மதிப்புறு ஒலி ஆலோசக'ராக நியமித்தது. இப்போது எந்த வீட்டுப் பெட்டிக்கும் கடைசிக் கையெழுத்து அவருடையது. அவரும் போய் வருகிறார். போன இடத்தில் முதலில் பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார், அடுத்து வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "எப்படிம்மா கேக்குது?" என்று விசாரித்து, அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

போன சித்திரையில், ஒரு சாயங்காலம், இதை எழுதுபவன் கடைசியாகப் பதினாறாம் வட்டத்துக்குப் போனான். இவனும் சுரங்கத்துக்காரன்தான், பம்ப் பிரிவு. உள்ளே சிங்காரவேல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். குமிழ் இரண்டும் மூன்றில் இருந்தன. அதுதான் சரியான அளவு என்று மனைவி சொல்லியிருப்பதாகச் சொன்னார். செந்தாமரை வாசலில், வேப்பமரத்தடியில் இவனுக்கு ஒரு நாற்காலி போட்டார். ஆறு வருடமாக அடைகாத்த கேள்வியை இவன் எடுத்தான்.

"நாலு பேர் உக்காந்திருந்தோம்னு சொல்றாங்க. நாலு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா கேக்கல? அது எப்படிங்க முடியும்? காதுன்னு ஒண்ணு இருக்கறவனுக்கு, கேக்காததுகூடவா தெரியாது?"

செந்தாமரை கையை உயர்த்தி நிறுத்தினார். தலையைச் சாய்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. இந்தச் சில்வண்டு மரத்த அறுக்கற மாதிரி கத்திக்கினு இருக்குது. நீங்க சொல்றது ஒண்ணும் காதுல வுழல. ஓயட்டும், அப்பறம் கேளுங்க."

இவன் காத்திருந்தான். மரம் அசையாமல் நின்றது. இலைகூட ஆடவில்லை. தூரத்தில் ஒரு பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. அமைதியான சாயங்காலம். இவன் அந்த மரத்தை, ஒவ்வொரு கிளையாக, மேலிருந்து கீழ் வரை பார்த்தான். செந்தாமரையின் முகத்தைப் பார்த்தான். சுளிப்பு இன்னும் போகவில்லை. ஆறு வருடக் கேள்வியை இவன் அப்படியே விட்டுவிட்டு, வேறொன்றைக் கேட்டான்.

"எந்தச் சில்வண்டுங்க?"